சமையலறைப் பெண்ணும் சுரங்கப் பணமும்: ஆல்பிரட் பைட்டைக் கொடையாளி என்று சொல்லலாமா?

வாசல்திண்ணை | சனி, இரவு 9.10

மழைக்கு ஒதுங்கித்தான் போன வாரம் டப்ளின் தேசிய ஓவியக்கூடத்துக்குள் நுழைந்தேன். கட்டணம் கிடையாது. உள்ளே ஒரு படம் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ், பதினெட்டு பத்தொன்பது வயதில், 1617-18 வாக்கில் வரைந்தது. ஒரு சமையலறை. ஆப்பிரிக்க வம்சத்துப் பெண் ஒருத்தி, தலையில் வெள்ளைத் துணி கட்டி, மேசையோரம் குனிந்து நிற்கிறாள். கைக்கு எட்டும் தூரத்தில் ஜாடி, கவிழ்த்து வைத்த கிண்ணம், சின்ன உரலும் குழவியும், பூண்டு. அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு திறப்பு. அதற்குள் உயிர்த்தெழுந்த இயேசு உணவு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பகுதி மேல்பூச்சுக்குள் மறைந்து கிடந்து, 1933இல் படத்தைச் சுத்தம் செய்தபோதுதான் வெளியே வந்ததாம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே வேலை செய்கிறாள் என்று தோன்றியது. முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றேன்.

படத்தைக் கொடுத்தவர்கள் சர் ஆல்பிரட் பைட்டும் அவர் மனைவியும். 1987இல் 17 ஓவியங்களை அயர்லாந்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதில் டச்சு ஓவியர் வெர்மீரின் 'பணிப்பெண்ணோடு கடிதம் எழுதும் சீமாட்டி'யும் உண்டு. கொடுத்த நேரத்தில் அந்தப் படம் திருடர்கள் கையில் இருந்தது! 1986இல் மார்ட்டின் காஹில் என்ற டப்ளின் கொள்ளைக்காரனின் கும்பல், பைட் தம்பதி அயர்லாந்தில் வாழ்ந்த ரஸ்பரோ மாளிகைக்குள் புகுந்து கொண்டுபோனது. 1993இல் ஆன்ட்வெர்ப்பில் கிடைத்தது.

இந்தப் படங்களுக்குப் பின்னால் இருக்கும் பணம் அவருடைய பெரியப்பா ஆல்பிரட் பைட்டுடையது. 1853இல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். ஆம்ஸ்டர்டாமில் வைரம் பார்க்கக் கற்றுக்கொண்டு 1875இல் தென்னாப்பிரிக்காவின் வைர ஊரான கிம்பர்லிக்குப் போனார். அப்பாவிடம் வாங்கிய பணத்தில் ஒரு மனையை வாங்கித் தகரக் கொட்டகைகள் போட்டு, வைர வியாபாரிகளுக்கு வாடகைக்கு விட்டார். மாதம் 1,800 பவுண்டு வாடகை வந்ததாகச் சொல்கிறார்கள். அப்புறம் டார்ம்ஸ்டாட்டில் பிறந்த யூலியுஸ் வெர்னரோடு கூட்டு. டி பியர்ஸ் கம்பெனியின் வைரம், ஜோகன்னஸ்பர்க் தங்கம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1906இல் இறந்தபோது ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே, சாம்பியா) ரயிலுக்கும் தந்திக்கும் மட்டும் 12 லட்சம் பவுண்டு எழுதி வைத்தார். லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குக் கொடுத்தார். ஹாம்பர்க்கில் பிற்பாடு பல்கலைக்கழகம் வரக் காரணமான அறிவியல் அறக்கட்டளைக்கு 20 லட்சம் மார்க் கொடுத்தார்.

வெளியே வரும்போது அந்த ஆளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவர் தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தவர். "அவருக்கு எதற்கு நன்றி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து மனசு சரியில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கரிசல்காடு | சனி, இரவு 10.02

தம்பி, அந்தப் பெண் கேட்டது நியாயம்.

கிம்பர்லியில் வைரம் தோண்டிய கறுப்பினத் தொழிலாளர்களை எப்படி வைத்திருந்தார்கள் தெரியுமா? 1885இல் மூடிய குடியிருப்பு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நாலு பக்கமும் உயர்ந்த வேலி, நடுவில் முற்றம், சுற்றிலும் கொட்டகை. ஒப்பந்தம் முடியும்வரை பல மாதம் வெளியே போக முடியாது. வைரத்தைத் தூக்கி வெளியே எறிந்துவிடக் கூடாதென்று முற்றத்துக்கு மேலேயும் கம்பி வலை. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் புறப்படும் ஆளைத் துணியில்லாமல், ஒரு போர்வையோடு, பல நாள் தனி அறையில் அடைப்பார்கள். கையில் தோல் உறை மாட்டிப் பூட்டிவிடுவார்கள். எதற்கென்றால், வைரத்தை விழுங்கியிருந்தால் மலத்தில் வந்துவிடும், கையில்லாமல் எடுத்து மறைக்க முடியாது.

துணியை அவிழ்த்துச் சோதிப்பதை முதலில் வெள்ளைத் தொழிலாளிகளுக்கும் கொண்டுவந்தார்கள். அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்புறம் அவர்களை அப்படிச் சோதிப்பதை விட்டுவிட்டார்கள். கறுப்பர்களுக்கு மட்டும் தொடர்ந்தது.

1888இல் டி பியர்ஸ் ஒருங்கிணைந்த கம்பெனியானபோது அதன் ஆயுள்கால ஆளுநர்களில் பைட்டும் ஒருவர். இதெல்லாம் தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான் இது. தேங்காய் யாருடையது என்று முதலில் கேளுங்கள்.

பேரேடு | சனி, இரவு 10.48

கரிசல் அண்ணே, குடியிருப்புக் கொடுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் தேங்காய் முழுக்கக் கடையில் இருந்து எடுத்தது என்பதை ஏற்கமாட்டேன். நான் முப்பது வருடம் கணக்கு எழுதியவன். அந்தக் கண்ணோடு சொல்கிறேன்.

கிம்பர்லியில் ஆரம்பத்தில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் குத்தகைத் துண்டுகள். ஒவ்வொருவரும் தன் துண்டைத் தோண்டத் தோண்டப் பக்கத்துச் சுவர் சரிந்து விழும், தண்ணீர் புகும். எல்லாரும் போட்டி போட்டு விற்க, வைரத்தின் விலை விழும். கையால் தோண்டிய அந்தப் பெரும்பள்ளம் 1914இல் மூடும்போது கிட்டத்தட்ட இரண்டேகால் கோடி டன் மண்ணை வெளியே எடுத்திருந்தார்கள். ஆழம் போகப் போகத் தனியாளால் முடியாது. டி பியர்ஸைத் தொடங்கிய சிசில் ரோட்ஸ் வாய்ப்பேச்சுக்காரர். பணம் எங்கிருந்து வரும், எந்தப் பங்கை எந்த விலைக்கு வாங்கலாம் என்பதைத் தலைக்குள்ளேயே கணக்குப் போட்டவர் பைட். அந்த மூளைக்கும் ஒரு விலை உண்டு.

இன்னொன்று. அந்தக் காலத்தில் அதே வழியில் சம்பாதித்தவர்கள் நூறு பேர். குதிரைப் பந்தயத்திலும் மாளிகையிலும் கரைத்தவர்கள்தான் அதிகம். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர்களும் இருந்தார்கள். இவர் கொடுத்தார். தம்பி ஓட்டோ பைட், அண்ணன் நினைவாக 1909இல் மருத்துவ ஆராய்ச்சிக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார். பிரெடரிக் சாங்கர் 1944 முதல் 1951 வரை அந்த உதவித்தொகையில்தான் வேலை பார்த்தார். இன்சுலின் மூலக்கூறு எப்படிக் கோத்திருக்கிறது என்று கண்டுபிடித்து 1958இல் நோபல் வாங்கியவர். என் வீட்டில் அம்மாவும் நானும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள். அந்தப் பணம் வீண் போனது என்று என் வாயால் சொல்ல வராது.

சிருண்டுப்பாலம் | ஞாயிறு, காலை 6.35

நான் இங்கே அதிகம் எழுதுகிறவள் இல்லை. பைட் என்ற பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

அப்பா சாம்பியாவில் கணக்கு வாத்தியார். எண்பதுகளில் லீவுக்கு லுசாகாவிலிருந்து காரில் ஹராரே போவோம். சிருண்டுவில் ஜாம்பேசி ஆற்றுக்கு மேலே ஒரு தொங்குபாலம். பெயர் ஓட்டோ பைட் பாலம். 1939இல் பைட் அறக்கட்டளைப் பணத்தில் கட்டியது. எல்லைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் கையில் வலையோடு காரைச் சுற்றி வருவார். தூக்கநோய் பரப்பும் செட்சி ஈ இருக்கிறதா என்று டயருக்கு மேலே, சீட்டுக்கு அடியில் பார்த்து, மருந்து அடிப்பார். அந்த மருந்து வாசனையோடு பாலத்தில் ஏறுவோம். கீழே ஆறு பழுப்பு நிறத்தில் போகும். நீர்யானை தெரிகிறதா என்று நானும் அண்ணனும் எட்டிப் பார்ப்போம். பாலத்துக்கு முன்னால் அங்கே ஆட்கள் ஆற்றை எப்படிக் கடந்தார்கள் என்று அப்பா சொல்வார்.

இதே அறக்கட்டளை லிம்போப்போ ஆற்றில் 1929இல் பைட்பிரிட்ஜ் கட்டப் பணம் தந்தது. சாவே ஆற்றில் 1935இல் பர்ச்சனோ பாலம். ஜிம்பாப்வே சுதந்திரம் வாங்கிய பிறகு அடித்த 20 சென்ட் நாணயத்தில் அந்தப் பாலத்தைத்தான் போட்டார்கள். வெறுப்பு மட்டும்தான் இருந்தால் புது நாடு தன் காசில் அதைப் போடுமா?

அப்பாவிடம் படித்த ஒரு பையன் பைட் உதவித்தொகையில் இங்கிலாந்தில் மேல்படிப்புப் படித்தார். இன்றைக்கும் மலாவி, சாம்பியா, ஜிம்பாப்வே பட்டதாரிகளுக்கு அது உண்டு. மலாவியின் பிளான்டயர் நகரத்தில் வளைந்த காலோடு பிறக்கும் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரிக்கும் பைட் பெயர்தான். அந்தக் குழந்தையின் அம்மாவிடம் போய் இந்தப் பணம் வேண்டாம் என்று நாம் சொல்ல முடியுமா?

கரிசல்காடு | ஞாயிறு, காலை 8.20

தங்கச்சி, அந்தக் குழந்தைக்குச் சிகிச்சை நடக்கட்டும். அதை நிறுத்தச் சொல்கிற கொடுமைக்காரன் நான் இல்லை. நான் கேட்பது பெயரைப் பற்றி. கொடை என்ற சொல்லைப் பற்றி.

நீங்கள் சொன்ன பாலங்கள் எந்த மண்ணில் நிற்கின்றன? பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனி 1889இல் அரச பட்டயம் வாங்கிக்கொண்டு போய்ப் பிடித்த மண். பைட் அதன் இயக்குநர். 1893இல் நிடெபெலே மக்களோடு போர். தோற்றவர்களின் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். மாடுதான் அவர்கள் சொத்து, பெண்ணுக்குக் கொடுக்கும் சீர், எல்லாம். அப்புறம் குடிசைக்கு வரி போட்டார்கள். வரியைப் பணமாகக் கட்ட வேண்டும். பணத்துக்குச் சுரங்கத்துக்கோ பண்ணைக்கோ போக வேண்டும். 1896இல் அவர்களும் பக்கத்து ஷோனா மக்களும் எழுந்தபோது அடக்கினார்கள், 1898இல் ஷோனா மக்களின் அருள்வாக்குச் சொல்லும் நெஹாண்டா என்ற அம்மாவைத் தூக்கில் போட்டார்கள்.

அதே மண்ணில் ரயில் போட 12 லட்சம். ரயில் யாருக்கு முதலில் தேவைப்பட்டது? சுரங்கத்துக்கு இயந்திரம் கொண்டுபோகவும், தாதுவை வெளியே கொண்டுவரவும், ஆட்களைப் பிடித்து வரவும். தன் கம்பெனி நாட்டுக்குத் தானே தண்டவாளம் போடுவதை நம்மூரில் முதலீடு என்போம்.

சுதந்திர நாடு பாலத்தைக் காசில் போட்டது உண்மைதான். கொடுத்தவர் மேல் உள்ள பிரியத்தால் அல்ல, பாலம் தங்களுடையது ஆகிவிட்டதால் போட்டார்கள் என்றுதான் நான் படிக்கிறேன்.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, காலை 9.15

இங்கே இருந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். பைட், வெர்னர் முதலானவர்களின் செயலுக்கு அவர்கள் இனத்தைக் காரணம் காட்டி எழுதியிருந்தார் ஒருவர். ஆளையும் கம்பெனியையும் பற்றி எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுதுங்கள். இனத்தைத் திட்டினால் பதிவு நிற்காது.

சித்திரமாடம் | ஞாயிறு, காலை 10.30

நீக்கியது சரி. அந்தப் பதிவில் இருந்த கருத்து புதிதும் அல்ல. 1900இல் தென்னாப்பிரிக்காவின் டச்சு வம்சத்து வெள்ளையரான போயர்களோடு பிரிட்டன் போர் நடத்திக்கொண்டிருந்தபோது ஹாப்சன் என்ற ஆங்கிலேயப் பொருளியல் எழுத்தாளர், ஜெர்மன் யூதப் பணக்காரர்களின் கூட்டுத்தான் போருக்குக் காரணம் என்று எழுதினார். தென்னாப்பிரிக்கப் பத்திரிகைகளில் ஹோகன்ஹைமர் என்று ஒரு கேலிச்சித்திரப் பாத்திரமே உலாவியது: தொந்தி, சுருட்டு, வளைந்த மூக்கு. உண்மை என்னவென்றால் வெர்னர் லூத்தரன் கிறிஸ்தவர். பைட் குடும்பம் யூத வம்சம், ஆனால் ஞானஸ்நானம் பெற்றது. ரோட்ஸ் ஆங்கிலப் பாதிரியாரின் மகன். மூடிய குடியிருப்பை எல்லாரும் சேர்ந்துதான் நடத்தினார்கள். அந்தக் கேலிச்சித்திரம் என்ன செய்தது என்றால், கோபத்தைச் சுரங்கத்தை விட்டு மூக்கின் மேல் திருப்பிவிட்டது. 1915இல் லூசிடானியா கப்பல் மூழ்கிய பிறகு ஜெர்மன் எதிர்ப்புக் கலவரம் வந்தபோது, ஜெர்மனியின் பிரீட்பெர்கில் பிறந்து கிம்பர்லி மேயராக இருந்த எர்னஸ்ட் ஓப்பன்ஹைமரே ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று. (அணுகுண்டு ஓப்பன்ஹைமர் வேறு. இவர் 1917இல் ஆங்கிலோ அமெரிக்கன் கம்பெனியைத் தொடங்கியவர்.)

சரி, கலைப் பக்கம் வருகிறேன். என் படிப்பு அதுதான்.

பைட்டும் வெர்னரும் ஓவியம் வாங்கியது பெர்லின் அருங்காட்சியகத்தின் வில்ஹெல்ம் போடே சொல் கேட்டு. ஐரோப்பாவில் அவருக்கு மேல் கண் உள்ளவர் அப்போது குறைவு. கறாரான ஆள். அவர் பைட்டின் தொகுப்புக்குப் பட்டியலே எழுதினார். வெர்னருக்கு ருசி வேறு. பெரிய படங்களைவிட உள்ளங்கையில் அடங்கும் பொருள்கள் மேல்தான் அவருக்கு ஆசை: இடைக்காலத் தந்தச் சிற்பங்கள், லிமோஜ் எனாமல், மறுமலர்ச்சிக்கால நகைகள், இத்தாலிய மஜோலிகாத் தட்டுகள். கிரீனிச்சில் ரேஞ்சர்ஸ் ஹவுஸில் இப்போது சுமார் 700 பொருள்கள் இருக்கின்றன. ஒரு தந்தச் செதுக்கலில் மாதாவின் விரல் குழந்தையின் பாதத்தைத் தொடும் இடத்தில் தந்தம் மெலிந்து வெளிச்சம் ஊடுருவுகிறது. பணத்தை மட்டும் பார்த்தவன் இதை வாங்க மாட்டான். அதனால்தான் எனக்குச் சங்கடம் அதிகம். கண் இருந்த ஆள். அந்தக் கண் ஏன் குடியிருப்பின் கம்பி வலையைப் பார்க்கவில்லை?

அதைவிட எனக்கு உறுத்துவது மாக்ஸ் மிக்கேலிஸ் விஷயம். ஜெர்மனியில் துரிங்கியாவின் ஐஸ்பெல்டில் பிறந்தவர், வெர்னர் பைட் கம்பெனியின் பங்காளி. ஹியூ லேன் என்ற ஓவிய வியாபாரி சேர்த்த 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களை வாங்கிப் புதிதாக உருவான தென்னாப்பிரிக்க ஒன்றியத்துக்குக் கொடுத்தார். பிரான்ஸ் ஹால்ஸ் 1644இல் வரைந்த ஒரு பெண்ணின் படம் அதில் உண்டு. கேப் டவுன் கிரீன்மார்க்கெட் சதுக்கத்தின் பழைய நகர மன்றத்தில் 1917இல் திறந்தார்கள். நோக்கம் வெளிப்படையானது. போரில் அடிபட்ட போயர்களுக்கு "உங்கள் டச்சுப் பண்பாட்டை மதிக்கிறோம்" என்று ஆங்கிலப் பக்கம் நீட்டிய கை. இரண்டு வெள்ளைக் கூட்டத்துக்கும் நடுவில் சமாதானம்.

அந்தக் கொடைக்கான பேச்சு ஓடிக்கொண்டிருந்த 1913ஆம் ஆண்டுதான் நிலச் சட்டம் வந்தது. நாட்டில் சுமார் 7 சதவீத நிலத்துக்கு வெளியே கறுப்பர்கள் நிலம் வாங்கக் கூடாது என்றது. நேட்டால் நிலக்கரிச் சுரங்கத்தில் நம் ஒப்பந்தக் கூலிகள் மூன்று பவுண்டு வரியை எதிர்த்து வேலையை விட்டு வெளியே வந்ததும் அதே வருடம். ஒரு அறையில் ஹால்ஸின் படத்துக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள், இன்னொரு அறையில் இந்தச் சட்டத்தை. யாருக்குக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். கேட்டது அதுதானே.

பேரேடு | ஞாயிறு, பகல் 12.15

சித்திரமாடம் எழுதியது நெஞ்சில் தைத்தது. ஆனால் 1913 சட்டத்தை மிக்கேலிஸ் போடவில்லை, அரசியல்வாதிகள் போட்டார்கள்.

கரிசல் அண்ணன் சொன்ன முதலீடு, கொடை வித்தியாசத்தை எடுத்துக்கொள்கிறேன். ரயில் விஷயத்தில் அவர் சொல்வதில் பாதி உண்மை. இம்பீரியல் கல்லூரியிலும் அப்படித்தான். அங்கே சுரங்கப் பொறியியல் பள்ளி வாசலில் இருபுறமும் பைட், வெர்னர் நினைவுச் சின்னங்கள். சுரங்கக்காரர்களுக்குச் சுரங்கப் பொறியாளர் தேவை, அதனால் கல்லூரிக்குப் பணம். ஆனால் மருத்துவ உதவித்தொகையில் என்ன லாபம்? ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் என்ன லாபம்? பிறந்த ஊர் என்ற பாசத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

கேப் டவுன் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். பைட் 2 லட்சம் பவுண்டு எழுதி வைத்தது ஜோகன்னஸ்பர்க்கில் கல்லூரி கட்ட. 1912இல் இறந்த வெர்னர் இரண்டரை லட்சம் எழுதி வைத்தார். எல்லாம் சேர்ந்து கேப் டவுனுக்குப் போனது, 1918இல் பல்கலைக்கழகம் ஆனது. ஜோகன்னஸ்பர்க்காரர்களுக்கு ரொம்ப நாள் மனத்தாங்கல். இன்று அங்கே படிக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் அல்ல. பணம் எந்த எண்ணத்தில் புறப்பட்டாலும் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் கணக்கில் எழுத வேண்டும்.

கரிசல்காடு | ஞாயிறு, மதியம் 2.40

பேரேடு சார், போய்ச் சேர எத்தனை வருடம் ஆனது என்பதையும் எழுதுங்கள். 1959 சட்டம் அந்தப் பல்கலைக்கழகத்தின் கதவைக் கறுப்பு மாணவர்களுக்கு அடைத்தது. வளாகத்தில் இருந்த ரோட்ஸ் சிலையை மாணவர்கள் போராடி இறக்கியது 2015 ஏப்ரலில். நூறு வருடம்!

அரசியல்வாதிகள் போட்ட சட்டம் என்கிறீர்கள். அரசைக் கவிழ்க்கவே பணம் கொடுத்தவர் பைட். 1895 கடைசியில் போயர்களின் டிரான்ஸ்வால் நாட்டின் மேல் ரோட்ஸின் ஆள் ஜேம்சன் படையெடுத்த கூத்துக்குப் பின்னால் இருந்த பணத்தில் அவருடையதும் உண்டு. 1897இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனியின் இயக்குநர் பதவியையும் விட வேண்டி வந்தது. அரசியல் அவர்களுக்கு வெளியே இல்லை.

இப்போது கணக்குக்கு வாருங்கள், அது உங்கள் துறை. ஜோகன்னஸ்பர்க் தங்கத்தில் மீதம் எங்கிருந்து வந்தது?

பேரேடு | ஞாயிறு, மாலை 5.05

கேட்டதால் நேர்மையாகச் சொல்கிறேன், எனக்குப் பிடிக்காவிட்டாலும்.

ஜோகன்னஸ்பர்க் தாதுவில் தங்கம் மிகக் குறைவு. டன் கணக்கில் பாறையை உடைத்தால் சில கிராம்தான் கிடைக்கும். ஆனால் அந்தப் பாறை மைல் கணக்கில் ஒரே சீராகப் போகிறது. 1890 வாக்கில் சயனைடு முறை வந்ததும்தான் தூளில் ஒளிந்திருந்த தங்கத்தையும் எடுக்க முடிந்தது. மேல்மட்டம் தீர்ந்ததும் ஆழத்துக்குப் போக வேண்டும் என்று முதலில் கணித்துத் துணிந்து பணம் போட்டது வெர்னர் பைட் கூட்டம், 1893இல் ராண்ட் மைன்ஸ் என்ற கம்பெனி வைத்து. அவர்களின் ஜோகன்னஸ்பர்க் அலுவலகத்துக்குக் கார்னர் ஹவுஸ் என்று பெயர். அங்கே நிர்வாகம் பார்த்த எக்ஸ்டைன் பெயருக்கு ஜெர்மனில் மூலைக்கல் என்று அர்த்தம், அதை வைத்து.

சாதாரணச் சரக்கானால் செலவு கூடும்போது விலையைக் கூட்டலாம். தங்கத்தின் விலையோ பவுண்டு நாணயத்தோடு கட்டிப்போட்டது, அவுன்ஸ் சுமார் 85 ஷில்லிங், அசையாது. டைனமைட், நிலக்கரி, இயந்திரம் எதையும் பெரிதாகக் குறைக்க முடியாது. வெள்ளைத் தொழிலாளிக்கு ஓட்டும் சங்கமும் இருந்தன. குறைக்க முடிந்தது கணக்கேட்டில் ஒரே வரிதான், கறுப்பினத் தொழிலாளியின் கூலி. போயர் போருக்கு முன்னால் மாதம் 50 ஷில்லிங் அளவில் இருந்ததை, போர் முடிந்ததும் எல்லாச் சுரங்கமும் சேர்ந்து பேசி 30-35க்கு இறக்கின. ஆட்கள் வர மறுத்தார்கள். கூலியை ஏற்றுவதற்குப் பதில் 1904 முதல் சீனாவிலிருந்து 63,000 பேரை ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். பிரிட்டனில் 1906 தேர்தலில் அது பெரிய பிரச்சினை ஆயிற்று. 1910க்குள் எல்லாரையும் திருப்பி அனுப்பினார்கள். பிற்காலத்தில் பிரான்சிஸ் வில்சன் என்ற பொருளியலாளர் கணக்குப் பார்த்தார். 1969இல் கறுப்பினச் சுரங்கத் தொழிலாளியின் கூலி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 1911இல் இருந்ததைவிட உயரவில்லை.

ஆக அண்ணே, அந்தப் பேரேட்டில் கூலி வரியில் எழுதாமல் விட்ட தொகைதான் கொடை வரியில் வந்து உட்கார்ந்தது. முழுசும் இல்லை. ஆனால் பெரும்பகுதி. இதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் கொடை பொய்யாகிவிடும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கரிசல்காடு | ஞாயிறு, இரவு 8.50

சார், நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நன்றி.

நான் ஏன் இவ்வளவு சூடாகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் தாத்தா ஒரு தங்கச் சுரங்கத்தில் 22 வருடம் துளைபோட்டவர். இந்தக் கதையில் வருகிற கம்பெனி இல்லை, இந்தியாவில்தான். ஊர் பெயரெல்லாம் வேண்டாம். நான் பார்க்கும்போது அவரால் படுக்க முடியாது. திண்ணைத் தூணில் தலையணையைக் கட்டி, அதில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்குவார். மூச்சு இழுக்கும் சத்தம் தெருவுக்குக் கேட்கும். நுரையீரலில் கல்தூசி. சிலிக்கோசிஸ் என்ற பேரே அவர் போன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். காசநோய் என்று எழுதிக் கையில் ஒரு சின்னத் தொகை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கம்பெனி ஊரில் ஒரு கிளப் கட்டியது, தோட்டம் போட்டது. பெரிய மனசு என்று ஊரே சொன்னது. பாட்டி மட்டும் சொல்ல மாட்டாள்.

தென்னாப்பிரிக்காவில் சிலிக்கோசிஸ் வழக்கு 2019இல்தான் முடிவுக்கு வந்தது. 500 கோடி ராண்ட் இழப்பீடு என்று ஜோகன்னஸ்பர்க் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. கொடுக்க வேண்டிய கம்பெனிகளில் ஓப்பன்ஹைமர் தொடங்கிய ஆங்கிலோ அமெரிக்கனின் தென்னாப்பிரிக்கக் கிளையும் ஒன்று. ஆனால் 12 மார்ச் 1965க்குப் பிறகு வேலை செய்தவர்களுக்கு மட்டும்தான். அதற்கு முன்னால் துளைபோட்டவர்களுக்கு ஒன்றும் கிடையாது. பைட், வெர்னர் காலத்து ஆட்கள் ஒருத்தர்கூட இல்லை.

ஓவியக்கூடத்துக்குக் கொடுத்தார்கள், பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள், ஹாம்பர்க்குக்குக் கொடுத்தார்கள். கடன்பட்டவனுக்கு மட்டும் கொடுக்கவில்லை. என் வாதம் அவ்வளவுதான்.

சிருண்டுப்பாலம் | ஞாயிறு, இரவு 10.10

அண்ணா, தாத்தாவைப் பற்றிப் படித்ததும் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

என் பக்கத்தையும் விட்டுவிட மாட்டேன். ஓப்பன்ஹைமரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956இல் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பர் குடியிருப்பான சொவெட்டோவின் மொரோகா தகரக் குடிசைகளைப் பார்த்துவிட்டு, சுரங்கக் கம்பெனிகளிடமிருந்து 30 லட்சம் பவுண்டு ஏற்பாடு செய்து வீடு கட்ட வைத்தார். அங்கே அவர் பெயரில் ஒரு கோபுரம் நிற்கிறது. அது தானம் இல்லை, கடன் என்பது எனக்கும் தெரியும். கறுப்பர்கள் அங்கே ஒதுங்கி வாழ வேண்டும் என்ற அரசின் திட்டத்துக்கு அது வசதியாகவும் இருந்தது. ஆனாலும் மழைக்கு ஒழுகாத கூரைக்கு அடியில் படுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த இரவு உண்மை. என் அப்பா மாணவருக்கு அந்தப் பட்டம் உண்மை. பணம் கறைபட்டது என்பதற்காக அவர்கள் வாங்கிக்கொண்டதும் கறை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதினேன்.

வாசல்திண்ணை | திங்கள், இரவு 7.30

இன்று வேலை முடிந்து மறுபடி போனேன். மூடுவதற்கு அரைமணி நேரம்தான் இருந்தது.

போன தடவை இயேசுவைப் பார்த்தேன், வெளிச்சத்தைப் பார்த்தேன். இன்று அவள் கையைப் பார்த்தேன். ஒரு கை ஜாடியைப் பிடித்திருக்கிறது, இன்னொரு கை மேசையில் ஊன்றியிருக்கிறது. பலமாக ஊன்றியிருக்கிறது. நாள் முழுக்க நின்றவர்கள் அப்படித்தான் ஊன்றுவார்கள். அந்தக் காலத்தில் ஸ்பெயினின் செவில் நகரத்தில் அவளைப் போன்றவர்கள் பலர் அடிமைகளாக இருந்தார்கள். 300 வருடம் கழித்து இன்னொரு கண்டத்தில் அவளுடைய நிறத்துக்காரர்கள் தோண்டிய பணம் ஒரு குடும்பத்தைப் பெரும்பணக்காரர் ஆக்கியது, அந்தக் குடும்பம் அவளை வாங்கியது. சின்ன ஆல்பிரட் பைட்டும் மனைவியும் அவளை எல்லாரும் பார்க்கட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். கொடுக்காமல் இருந்திருந்தால் நான் பார்த்திருக்கவே மாட்டேன், இந்தக் கேள்வியும் எனக்கு வந்திருக்காது.

அந்த நன்றியை நான் திருப்பி வாங்கவில்லை. ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு வர முடியவில்லை. ஓவியக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதப் போகிறேன். கொடுத்தவர் பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்லி: "இந்தத் தொகுப்பு கிம்பர்லி வைரச் சுரங்கங்களிலும் ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களிலும் ஈட்டிய பணத்தில் உருவானது." இப்படி எழுதலாமா?

கரிசல்காடு | திங்கள், இரவு 7.52

"ஈட்டிய" வேண்டாம் தம்பி. "ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் தோண்டிய வைரத்திலும் தங்கத்திலும் இருந்து வந்த பணத்தில்" என்று எழுதுங்கள். ஆட்கள் வரட்டும்.

பேரேடு | திங்கள், இரவு 8.05

நான் இரண்டையும் வைப்பேன். தோண்டியவர்களையும் சொல்லுங்கள், கொடுத்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். "கொடை" என்ற சொல் அங்கே இருக்கட்டும்.

சித்திரமாடம் | திங்கள், இரவு 8.31

ஆங்கிலத்தில் நான் எழுதித் தருகிறேன், தனிமடலில் வாருங்கள். கிம்பர்லி என்று மட்டும் போட்டால் பாதிப் பேருக்குப் புரியாது. 1885 குடியிருப்பைப் பற்றி இரண்டு வாக்கியமாவது கடிதத்தில் சேர்க்க வேண்டும். கரிசல் அண்ணன் எழுதிய அந்தத் தோல் உறையையும்.